செம்மண்ணும் களிமண்தானே என்று உரத்தைக் கொட்டாதீர்கள்

மலேசியாவின் சிகாமட்டில் கொல்லையைக் கொத்தினாலே கையெல்லாம் சிவந்துவிடும். ஈரத்தில் மண் பிசுபிசுவென்று ஒட்டும். "களிமண்ணுதானே, உரத்தைப் பிடிச்சி வச்சிக்கும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கத்தரிக்கும் வாழைக்கும் அரை மூட்டையை ஒரே நாளில் போட்டார். அடுத்த வாரம் அடைமழை. இலை வெளுத்ததுதான் மிச்சம்.

களிமண் எல்லாம் ஒன்று என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. மழையும் வெயிலும் பாறையைப் பொடியாக்குவதோடு நிற்பதில்லை, கனிமத்தையே மாற்றிவிடுகின்றன. கரியமில வாயு கரைந்த மழைநீர் மெல்லிய அமிலம். அது முதலில் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியத்தைக் கழுவும்; பிறகு சிலிக்காவையும் கொஞ்சங்கொஞ்சமாகக் கொண்டுபோகும். சிலிக்கா குறையக் குறைய, சத்தை ஏராளமாகப் பிடிக்கும் மாண்ட்மோரில்லோனைட் போன்ற களிமண் கனிமங்கள் போய், சத்தை அவ்வளவாகப் பிடிக்காத கயோலினைட் மிஞ்சும். அதுவும் சிதைந்தால் கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம். நம் செம்மண் இப்படி முதிர்ந்த மண்தான். சிவப்பு நிறம் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு தருவது. அதை வைத்து வளத்தை அளக்காதீர்கள்.

ஒரு கிலோ மாண்ட்மோரில்லோனைட் ஏறக்குறைய 80 முதல் 120 சென்டிமோல் (பிடிக்கும் மின்னேற்றத்தை அளக்கும் அலகு) வரை பொட்டாஷ், அமோனியம் போன்ற நேர்மின் சத்துகளைப் பிடிக்கும். கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரைதான். அவை ஏன் நம் மண்ணில் மழையோடு ஓடுகின்றன என்பது இதிலேயே தெரிகிறது. உரத்தை நாலைந்து தவணையாகப் பிரித்துப் போடுங்கள், ஆண்டுக் கடைசி அடைமழைக்கு முன்னால் வேண்டாம்.

பாஸ்பேட் கதை வேறு. அது ஓடாது, சிறைப்படும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பற்றிக்கொள்ளும். மண் முழுக்கத் தூவாமல், மக்கிய எருவோடு கலந்து வேருக்குப் பக்கத்தில் வையுங்கள். புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய மண்ணில் பாறைப் பாஸ்பேட் மெல்லக் கரையும் என்பதால்தான் தோட்டங்களில் அதை விரும்பிப் போடுகிறார்கள்.

பந்திங் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் செய்வதைப் பார்த்து இங்கே செய்யாதீர்கள். கடலோரக் களி வயதில் இளையது, அதன் கனிமமே வேறு.

கூட்டிப் பெருக்கிச் சருகைக் கொளுத்துவதுதான் எனக்கு மனசு பொறுக்காதது. இந்தக் கிழட்டு மண்ணில் சத்தைப் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு மக்கிய இலைதழைக்குத்தான். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டையை வரிசையாக அடுக்கி மக்கவிடுகிறார்களே, அதையே கொல்லையிலும் செய்யலாம். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தாலும் பிடிப்பு கூடும். ஆனால் யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் விடுங்கள்.