சர்ஜரிக்கு வரச் சொன்னால் சாப்பிட்டுவிட்டே போங்கள்

நாங்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்த இரண்டாவது வாரம். பக்கத்துத் தெரு டாக்டரிடம் குடும்பத்தோடு பெயர் பதிந்திருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ‘சர்ஜரி’க்கு வரவும் என்று மனைவியின் போனுக்கு மெசேஜ் வந்தது. அவளுக்கு முகமே வெளுத்துவிட்டது. முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். இங்கே டாக்டர் உட்கார்ந்திருக்கும் கிளினிக்குக்கே ‘சர்ஜரி’ என்றுதான் பெயர்.

எம்.பி.யும் ‘சர்ஜரி’ நடத்துவார். தொகுதி மக்களிடம் நேரில் குறை கேட்பதுதான் அது. விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால் அங்கே போய்ச் சொல்லலாம், அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் விசாவோடு இங்கே குடியிருக்கும்போது ஓட்டே போடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

அப்புறம், வயிறு. ஆங்கிலம் நம்மை அதிகம் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான், அதுவும் உடம்பு முடியாத நேரத்தில்.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த மறுநாள். நர்ஸ் வந்து, “ஹாவ் யூ பீன்?” என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “ஹாவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?” என்று மாற்றிக் கேட்டார். மனைவி கொண்டுவந்த ரசம் சாத டப்பாவைக் காட்டி, “இப்போதுதான் திறந்தேன்” என்றேன். நாம் கிண்ணத்தை ‘பவுல்’ என்கிறோம். அவர்கள் வாயில் அது ‘போல்’. அவர்கள் ‘பவல்’ என்றால் குடல். இரண்டு கேள்விக்கும் ஒரே அர்த்தம்தான்: வெளிக்குப் போனீர்களா?

அதே வார்டில் ஒரு டாக்டர் “வாட்டர்வொர்க்ஸ் எப்படி?” என்றார். குடிநீர் வாரியத்தைப் பற்றி அல்ல, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்கிறார். ‘விண்ட்’ மட்டும் நமக்குச் சுலபம். நாம் வாயு என்று சொல்வதேதான்.

‘சிக்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். காய்ச்சல் வந்தால் ‘ஐயாம் சிக்’ என்று சொல்லிப் பழகியிருப்போம். இங்கே “ஐ வாஸ் சிக்” என்றால் வாந்தி எடுத்தேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் உதவி எண்ணான 111-க்குப் போன் செய்து அப்படிச் சொன்னால் அடுத்து எத்தனை தடவை என்று கேட்பார்கள். காய்ச்சலுக்கு ‘டெம்பரேச்சர்’ என்று சொல்லுங்கள். ‘லூஸ் மோஷன்’ நம்மூர் ஆங்கிலம், இங்கே ‘டயரியா’. ஆபீஸில் யாராவது “அரை ஸ்டோன் போய்விட்டது” என்று மகிழ்ந்தால் சிறுநீரகக் கல் என்று நினைத்து விசாரிக்காதீர்கள், நான் விசாரித்தேன். ஒரு ஸ்டோன் என்பது 14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ. அவர் இளைத்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கு வருவோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் “டீக்கு வாருங்கள்” என்று கூப்பிட்டார். டீதானே என்று நாலரைக்கே உப்புமாவை ஒரு கை பார்த்துவிட்டுப் போனோம். மேஜையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணி, கிரேவி எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். வட இங்கிலாந்தில் பலருக்கு ‘டீ’ என்றால் சாயங்காலச் சாப்பாடு, ‘டின்னர்’ மத்தியானம். சாப்பாடு முடிந்ததும் ‘புட்டிங்’ வேண்டுமா என்றார்கள். அது கிண்ணத்தில் ஆடும் கேரமல் புட்டிங்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கடைசியாக வரும் எந்த இனிப்பும் புட்டிங்தான். அன்றைக்கு ஆப்பிள் பை.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து, தொப்பையைத் தட்டியபடி தன் ‘பிரெட்பாஸ்கெட்’ நிரம்பிவிட்டது என்றார். தஞ்சாவூரை நெற்களஞ்சியம் என்கிறோமே, அந்த மாதிரி ஊருக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். வயிற்றுக்கும் அதே. இதை ஒருவாறு ஊகித்துவிட்டேன். அடுத்து, “இந்தக் கார்ப்பரேஷன் முப்பது வருஷமாக வளர்கிறது” என்றார். நமக்குக் கார்ப்பரேஷன் என்றால் தண்ணீர் லாரியும் சொத்து வரியும்தானே. மரியாதையாக, “எந்த டிபார்ட்மென்டில் இருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் மனைவி சிரித்து முடிக்க நேரமாயிற்று. லத்தீனில் ‘கார்ப்பஸ்’ என்றால் உடல், அந்த வேரிலிருந்து வந்த சொல் தொந்திக்கும் ஆகிவந்திருக்கிறது. இப்போது வயதானவர்கள் வாயில்தான் அதைக் கேட்க முடியும். அந்தப் பெரியவர் இன்றும் என்னைப் பார்த்தால் வயிற்றைத் தட்டி, “ஹெட் ஆஃபீஸ்” என்கிறார்.