படகின் பழைய ஏசியை மாற்றுவது எப்படி? வாளியிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

சிங்கப்பூரின் படகுத்துறைகளில் பராமரிப்பு வேலை செய்யும் எனக்கு, "ஏசி முன்புபோல் குளிரவில்லை, இன்னும் பெரியதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி வராத மாதம் கிடையாது. புதிய யூனிட் வாங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் படகின் ஏசி என்பது பாதி குளிர்சாதனம், பாதி தண்ணீர்க் குழாய் வேலை. தண்ணீர்ப் பாதை அடைபட்டிருக்கும்போது எவ்வளவு பெரிய யூனிட்டைப் பொருத்தினாலும், அது பழையதைப் போலவே நண்பகலில் நின்றுவிடும். ஆகவே இந்தச் செய்முறை பெட்டியிலிருந்து தொடங்காமல் கடல்நீரிலிருந்து தொடங்குகிறது. அண்மையில் 38 அடி நீளமுள்ள ஒரு மோட்டார் படகில் 12,000 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) யூனிட்டை எடுத்துவிட்டு 16,000 பி.டி.யு. யூனிட்டைப் பொருத்திய வேலையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

வேலை செய்யும் விதம்

வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி அறையின் வெப்பத்தைக் காற்றில் விடுகிறது. படகில் அந்த வேலையைக் கடல்நீர் செய்கிறது. படகின் அடியில் உள்ள துளை வழியாக நீர் உள்ளே வந்து, சீகாக் எனப்படும் அடைப்பு வால்வையும் ஸ்ட்ரெய்னர் எனப்படும் வடிகட்டியையும் கடந்து, பம்பினால் தள்ளப்பட்டு, செம்பு-நிக்கல் கலவையால் ஆன கண்டென்சர் சுருளில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, படகின் பக்கவாட்டிலுள்ள துளை வழியாக வெளியே கொட்டுகிறது. கம்ப்ரசர், கண்டென்சர், அறைக்காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர், காற்றாடி ஆகிய நான்கும் ஒரே தட்டின் மேல் அமைந்திருக்கும் யூனிட்தான் சிறிய படகுகளில் மிகுதி. அதில் கேஸ் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டிருப்பதால், கேஸ் வேலை தெரியாதவரும் முழு யூனிட்டாக மாற்றிவிட முடியும். வீட்டு ஸ்பிளிட் ஏசி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதைப் படகில் பொருத்துகிறார்கள். அதன் வெளிப்பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகள் உப்புக் காற்றில் விரைவில் அரித்துப் பொடியாகிவிடும் என்பதால், கடலில் ஓடும் படகுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

முதல் படி: வாளிச் சோதனை

பணம் செலவழிக்கும் முன் ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். ஏசியை ஓடவிட்டு, வெளியேறும் நீரை வாளியில் பிடித்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு 12,000 பி.டி.யு.வுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் நீர் வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. அதன்படி 12,000 யூனிட்டுக்கு வாளி ஏறத்தாழ 55 வினாடியிலும், 16,000 யூனிட்டுக்கு 40 வினாடியிலும் நிறைய வேண்டும்.

நான் சொன்ன படகில் வாளி நிறைய 1 நிமிடம் 50 வினாடி ஆனது. தேவைப்படும் நீரில் பாதிதான் வந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் அது சுத்தமாகவே இருந்தது. படகைக் கரையேற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. நீர் உள்ளே வரும் துளையை மூடியிருந்த உலோகச் சல்லடையின் கண்கள் மேல் கொட்டலசு (பார்னக்கிள்) எனப்படும் ஓட்டுடைய கடலுயிர் அடுக்கடுக்காக வளர்ந்திருந்தது. விரலால் தடவினால் கிழிக்கும் கூர்மையோடு, கடுகளவிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு வரை. சல்லடைக்குப் பின்னால் குழாயின் உட்சுவரிலும் ஒரு விரற்கடை ஆழம் வரை அது ஒட்டியிருந்தது. ஆண்டு முழுவதும் 27 முதல் 31 பாகை வரை வெதுவெதுப்பாக இருக்கும் இந்தக் கடலில், ஓடாமல் கட்டிக் கிடக்கும் படகுக்கு இது நேர்ந்தே தீரும்.

அதைச் சுரண்டி எடுத்தபின் வாளி 70 வினாடியில் நிறைந்தது, 55-ஐ இன்னும் எட்டவில்லை. பல படகுகளில் சுரண்டியதோடு வேலை முடிந்துவிடும். இந்தப் படகிலோ யூனிட்டின் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது, கேஸும் கசிந்திருந்தது. மேலும் அது ஆர்-22 என்ற குளிர்பதன வாயுவில் ஓடும் யூனிட். ஓசோன் படலத்துக்குக் கேடு செய்வதால், 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அந்த வாயு உலகெங்கும் படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. அதற்குப் பதிலாகப் பழைய யூனிட்டிலேயே ஆர்-410ஏ நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வாயுவின் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம். பழைய கம்ப்ரசரும் சுருள்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இரண்டாம் படி: அளவும் மின்சாரமும்

குளிரூட்ட வேண்டிய இடத்தின் தரைப் பரப்பைச் சதுர அடியில் அளந்துகொள்ளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள படுக்கையறைக்குச் சதுர அடிக்கு 60 பி.டி.யு., நடுத்தளத்துக்கு 90, கண்ணாடி சூழ்ந்த மேல்தளக் கூடத்துக்கு 120 என்பது பொதுவான கணக்கு. எங்கள் படகின் கூடம் 13 அடிக்கு 10 அடி, மூன்று பக்கமும் கண்ணாடி. 130 சதுர அடியை 120-ஆல் பெருக்கினால் 15,600 வருகிறது. எனவே 16,000 யூனிட். இதைவிட மிகப் பெரியதை வாங்குவதும் தவறு. அறை சில நிமிடங்களில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் வடிய நேரம் இருக்காது. குளிர்ந்தும் பிசுபிசுக்கும் அறையில்தான் மெத்தையில் பூஞ்சை பிடிக்கிறது.

அடுத்து, பெயர்த்தகட்டைப் படியுங்கள். சிங்கப்பூரில் கரையிலிருந்து கிடைப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட படகுகளிலும் யூனிட்டுகளிலும் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் குறித்திருக்கக்கூடும். அத்தகைய கம்ப்ரசரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் குறைந்து, சூடேறி, ஆயுள் கெடும். இரண்டையும் குறிப்பிட்டிருக்கும் யூனிட்டையோ 50 ஹெர்ட்ஸ் யூனிட்டையோ வாங்குங்கள். ஜெனரேட்டர் சிறியதாக இருந்தால், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் பெருமின்னோட்டத்தைத் தணிக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவியையும் சேர்த்து வாங்குவது நல்லது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் கொண்ட யூனிட்டில் அது தேவையில்லை.

மூன்றாம் படி: பழையதைக் கழற்றுதல்

ஏசி பிரேக்கரை அணைத்து, கரை மின்கேபிளைப் பிடுங்கி, ஜெனரேட்டரும் கிளம்பாதபடி செய்துவிட்டு, சீகாக்கை மூடுங்கள். மூடிய பின் ஸ்ட்ரெய்னரைச் சற்றே திறந்து பாருங்கள். நீர் தொடர்ந்து ஊறினால் சீகாக் முழுதாக மூடவில்லை என்று பொருள். அந்த நிலையில் நீர்மட்டத்துக்குக் கீழே எந்த ஹோஸையும் கழற்றக் கூடாது, படகு மூழ்கும். வயர்களைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதன் முனைகளைத் தொடாதீர்கள். கேஸ் குழாய்களை வெட்டாமல் யூனிட்டை முழுதாகத் தூக்கி, கேஸை முறையாக மீட்டெடுக்கும் பணியாளரிடம் ஒப்படையுங்கள். காற்றில் திறந்துவிடக் கூடாது.

நான்காம் படி: தண்ணீர்ப் பாதை

இதுதான் இவ்வேலையின் உயிர்நாடி. படகு ஏசிகளில் பயன்படும் பம்ப், காற்றை உறிஞ்சித் தானாக நீரை மேலேற்றும் வகையைச் சேர்ந்தது அல்ல. நீர் தானாகவே வந்து அதை நிரப்ப வேண்டும். ஆகவே பம்ப் எப்போதும் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்ட்ரெய்னர் அதற்கும் கீழே. சீகாக்கிலிருந்து ஸ்ட்ரெய்னர், பம்ப், கண்டென்சரின் கீழ்வாய் வரை ஹோஸ் ஓர் இடத்திலும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். நீர் கண்டென்சரின் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேற வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், நான் ஒரு படகில் ஹோஸைச் சட்டத்தின் மேலாக ஏற்றி மறுபக்கம் இறக்கிவிட்டேன். இடம் நெருக்கடியாக இருந்ததால் அதுவே சுருக்கு வழியாகத் தெரிந்தது. துறையில் கட்டியிருந்தவரை நன்றாக ஓடியது. கடலுக்குப் போய் அலையில் ஆடியதும் அந்த மேட்டில் காற்றுக்குமிழ் தங்கி, நீர் நின்று, அழுத்தம் ஏறி யூனிட் அணைந்துவிட்டது. உள்ளே ஒரு கைக்குழந்தை இருந்தது. அன்று முதல் ஹோஸை எடுத்துச் செல்லும் வழியெல்லாம் கையை வைத்துத் தடவிப் பார்க்காமல் நான் கிளிப்பை முறுக்குவதில்லை.

நீர் உள்ளே வரும் சல்லடையின் வாய் படகின் முன்புறத்தை நோக்கி இருக்க வேண்டும். எஞ்சினுக்கு நீர் எடுக்கும் துளையிலிருந்து கிளை பிரிக்கக் கூடாது. உள்ளே கம்பிச்சுருள் வைத்த கடல்நீர் ஹோஸையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகள் இரண்டு, அவற்றின் திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் அமையுமாறு. பெரிய யூனிட்டுக்குப் பழைய பம்ப் போதுமா என்பதைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண் எந்த உயரத்துக்கும் ஏற்றாமல் பம்ப் தள்ளும் அளவு. ஹோஸும் வளைவுகளும் சேர்ந்தபின் வருவது குறைவுதான். நாங்கள் பம்பை மாற்றினோம்.

ஐந்தாம் படி: காற்றும் வடிநீரும்

16,000 யூனிட்டுக்கு 7 அங்குல விட்டமுள்ள டக்ட்டும் (காற்றுக் குழாயும்), காற்றை உள்ளிழுக்கும் கிரில்லுக்குக் குறைந்தது 160 சதுர அங்குலமும் தேவை. பழைய 12,000 யூனிட்டின் 6 அங்குல டக்ட்டை அப்படியே விட்டால், கூடுதலாகக் கொடுத்த பணம் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். குளிர்காற்று உயரத்திலிருந்து வரட்டும், உள்ளிழுக்கும் கிரில் தாழ்வாக இருக்கட்டும். இரண்டும் அருகருகே இருந்தால் குளிர்ந்த காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். டக்ட்டை இழுத்து நேராக்கி, எஞ்சியதை வெட்டிவிடுங்கள். பாம்புபோல் சுருட்டி வைக்க வேண்டாம்.

காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் நீரை வெளியேற்றும் வடிநீர்க் குழாயைப் பற்றிய எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். யூனிட்டை எஞ்சின் அறையில் வைக்கக் கூடாது. எஞ்சின் அறையில் வடிநீர்க் குழாயை முடிக்கவும் கூடாது. அது படகின் பக்கவாட்டில் வெளியேறுவதாயின், எஞ்சின் புகைபோக்கியிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி இருக்க வேண்டும். காற்றாடி உண்டாக்கும் உறிஞ்சல், வறண்ட வடிநீர்க் குழாய் வழியாகக் எஞ்சின் புகையிலுள்ள கொடிய கார்பன் மோனாக்சைடை இழுத்துத் தூங்குபவர்கள் மேல் ஊதிவிடக்கூடும். அதற்கு மணமும் நிறமும் கிடையாது. குழாயில் 2 அங்குல ஆழத்துக்கு ஒரு வளைவு வைத்தால் அதில் நீர் தங்கி வாயுவைத் தடுக்கும். அதோடு நிற்காமல், ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியைப் பொருத்துங்கள்.

ஆறாம் படி: இணைத்து ஓட்டுதல்

மின் இணைப்பைப் படகு வேலை அறிந்த மின்பணியாளரே செய்யட்டும். நீங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியவை: பல இழைகள் கொண்ட வெள்ளீயம் பூசிய செம்பு வயர், தகட்டில் கண்ட அளவுக்கு ஏற்ற பிரேக்கர், மின்கசிவுத் தடுப்பான், யூனிட்டையும் பம்பையும் படகின் உலோகப் பாகங்களை ஒன்றாகப் பிணைக்கும் பாண்டிங் வயரோடு இணைத்தல்.

சீகாக்கைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் காகிதக் கைக்குட்டையால் ஒற்றிப் பாருங்கள். ஒரு துளி ஈரமும் அதில் தெரிந்துவிடும். பிறகு ஏசியைக் குளிர்நிலையில் போட்டதும் வெளித்துளையைப் பாருங்கள். முதலில் காற்றோடு சேர்ந்து துப்பி, அரை நிமிடத்துக்குள் கட்டைவிரல் பருமனில் அறுபடாமல் கொட்ட வேண்டும். நீர் வராவிட்டால் உடனே அணைத்து, பம்பின் வெளிவாய் ஹோஸைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். ஒவ்வொரு முறை அணைத்த பின்னும், கம்ப்ரசரை மறுபடி ஓட்ட ஐந்து நிமிடம் பொறுங்கள். 15 நிமிடம் ஓடியதும், உள்ளிழுக்கும் கிரில்லிலும் குளிர்காற்று வரும் கிரில்லிலும் வெப்பமானியை வையுங்கள். 8 முதல் 11 பாகை வரை வேறுபாடு இருந்தால் யூனிட் சரியாக ஓடுகிறது. எங்கள் படகில் 10 பாகை வந்தது.

கடைசியாக மீண்டும் வாளி. புதிய பம்பில் அது 34 வினாடியில் நிறைந்தது. அந்த எண்ணையும் தேதியையும் யூனிட் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் அழியாத மையில் எழுதி வைத்தேன். வாரந்தோறும் ஸ்ட்ரெய்னரைக் கழுவும்போது உரிமையாளர் வாளியை வைத்துப் பார்க்கிறார். எண் 40-ஐத் தாண்டினால், முக்குளிப்பவரை அழைத்துச் சல்லடையைச் சுரண்டச் சொல்ல வேண்டும். சுரண்டிய பின்னும் குறையாவிட்டால், கண்டென்சர் சுருளுக்குள் சுண்ணாம்பும் சிப்பியும் படிந்திருக்கின்றன. தயாரிப்பாளர் அனுமதிக்கும் செறிவில் அமிலக் கரைசலைச் சுழலவிட்டுக் கழுவும் நேரம் அது.