பட்டாளத்தில் இருப்பவருக்குப் பார்சல் அனுப்புவது எப்படி, மிலிட்டரி டிசைன் துணி வாங்கலாமா?

வீட்டில் ஒருவர் பட்டாளத்தில் இருந்தால் தீபாவளி நெருங்கும்போது இந்தப் பேச்சு கண்டிப்பாக வரும். லீவு கிடைக்கவில்லை, சரி, ஒரு பார்சலாவது அனுப்புவோம் என்று அம்மா ஆரம்பிப்பார். கூடவே தம்பியோ மச்சானோ, "ஒரு மிலிட்டரி டிசைன் பேன்ட் வாங்கி உள்ளே வைப்போம், அப்படியே எனக்கும் ஒன்று" என்பார். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதல்முறை அனுப்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுவது இது, அதனால் தெரிந்த விஷயமாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில் துணி விஷயத்தை முடிப்போம்

அவருக்கு மிலிட்டரி டிசைன் துணி அனுப்பாதீர்கள். அவருடைய காம்பாட் உடை, அதாவது களத்தில் போடும் சீருடை, எந்தத் துணி, எந்த வெட்டு, எந்த நிறம் என்பதெல்லாம் ராணுவம் முடிவு செய்வது. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று புதிய காம்பாட் உடையை வெளியே காட்டினார்கள். தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டோடு சேர்ந்து வடிவமைத்தது. சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்த டிஜிட்டல் டிசைன், ஆலிவ் பச்சையும் மண் நிறமும் கலந்தது, எழுபது பங்கு பருத்திக்கு முப்பது பங்கு பாலியஸ்டர், சட்டையை பேன்ட்டுக்குள் செருகவும் வேண்டாம். அதே வருடம் அந்த டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவும் செய்துவிட்டது, அதாவது அனுமதி இல்லாமல் அதைத் தைத்து விற்பதே தப்பு. சந்தையில் "ஒரிஜினல் ஆர்மி" என்று தொங்குவது பெரும்பாலும் பளபளக்கும் பாலியஸ்டர்தான். வியர்வையை உறிஞ்சாது, தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நமக்கு நாமே வாங்குவது வேறு கதை. ராணுவ வீரர் என்று மற்றவர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அது மாதிரி உடை போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் இல்லையே, சும்மா ஸ்டைலுக்குத்தானே என்பீர்கள். நியாயம்தான், ஆனால் 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள், அதற்குப் பிறகு பொதுமக்கள் இந்த மாதிரி உடையைத் தவிர்க்கச் சொல்லி ராணுவமே கேட்டுக்கொண்டது. சோதனைச் சாவடியில் நிற்கும் ஒருவர் உங்கள் மனதில் இருப்பதைப் பார்க்க முடியாது, சட்டையைத்தான் பார்ப்பார்.

அப்படியும் வேண்டும் என்றால் இப்படித் தேர்ந்தெடுங்கள். நம் ராணுவத்தின் பழைய டிசைன், புதிய டிசைன் இரண்டுக்கும் கிட்டத்தில் வராத ஒன்றாக இருக்கட்டும். சாம்பல், நீலம் கலந்தது என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். தோள்பட்டையில் பட்டை, நட்சத்திரம், யூனிட் சின்னம், பெயர்ப்பட்டி எதுவும் வேண்டாம், குழந்தைகளின் மாறுவேடப் போட்டி மட்டும் விதிவிலக்கு என்று நான் நினைக்கிறேன். மேல் கீழ் இரண்டும் ஒரே டிசைனில் போடாமல், பேன்ட் டிசைன் என்றால் சட்டை ஒரே நிறமாக இருந்தால் போதும். பறவை பார்க்கவோ மலையேறவோ வாங்குகிறவர்களுக்கு டிசைனே தேவையில்லை. காமோஃப்ளாஜ், அதாவது இந்த மிலிட்டரி டிசைன், செய்யும் வேலை உடம்பின் உருவக்கோட்டை உடைத்து, பின்னணியோடு கலக்க வைப்பது, அதனால் பின்னணி எந்த நிறமோ அதுதான் முக்கியம். நம் ஊர் முள்காட்டில் காய்ந்த புல் நிறம், சோலைக்காட்டில் மங்கிய பச்சை, இவை ஒரே நிறமாக இருந்தாலே போதும், நீங்கள் கையைக் காலை ஆட்டாமல் நின்றால். ஆட்டினால் எந்த டிசைனும் காப்பாற்றாது.

வெஸ்ட் இண்டீஸ் பக்கம் கிரிக்கெட் பார்க்கப் போகிற யோகம் வாய்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பார்படாஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் மிலிட்டரி டிசைன் துணி போடுவதே சட்டப்படி குற்றம், பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

இனி பார்சல். முகவரியில் ஆரம்பியுங்கள்

பலகாரம் சுடுவதற்கு முன்னால் முகவரியை வாங்குங்கள். ராணுவத்தில் இருப்பவருக்கு ஊர் பெயர் போட்டு அனுப்பக் கூடாது. லே, பாரமுல்லா, தவாங் என்று அவர் போனில் சொல்லியிருந்தாலும் அட்டைப்பெட்டியில் எழுதாதீர்கள், யூனிட் எங்கே இருக்கிறது என்று வெளியில் தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடே. எழுத வேண்டியது இவ்வளவுதான்: அவருடைய ராணுவ எண், பதவி, பெயர், கம்பெனி (யூனிட்டுக்குள் அவர் இருக்கும் சிறு பிரிவு), யூனிட்டின் பெயர், கேர் ஆஃப் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), அப்புறம் 9-ல் ஆரம்பிக்கும் ஆறு இலக்க பின்கோடு. 56 ஏபிஓ தபால் டெல்லியில் உள்ள மத்தியத் தள அஞ்சலகம் வழியாகவும், 99 ஏபிஓ கொல்கத்தா வழியாகவும் போகும். அங்கிருந்து ராணுவ அஞ்சல் சேவையின் கையில். 1972 மார்ச் 1 முதல் அது தனிப் பிரிவு, தபால் துறையிலிருந்து போய் சீருடை போட்டு வேலை பார்ப்பவர்கள் அதில் நிறைய பேர். அந்த பின்கோடில் ஒரு எண் மாறினால் பார்சல் வேறு ஏதோ ஒரு பட்டாலியனுக்குப் போய்விடும், அதனால் அவரையே வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பச் சொல்லாதீர்கள், போனில் கேட்டு எழுதித் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். யூனிட் விவரம் சமூக ஊடகத்தில் போகாமல் இருப்பது நல்லது.

எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு முகவரி வேறு மாதிரி இருக்கலாம், அவர்களிடமே கேளுங்கள். தனியார் கூரியரை மறந்துவிடுங்கள். ஏபிஓ முகவரிக்குத் தபால் நிலையம்தான் வழி.

என்ன வைப்பது

ராணுவம் கொடுப்பதை நாம் கொடுக்க வேண்டியதில்லை. சியாச்சின் மாதிரி இடத்துக்குப் போகிறவர்களுக்குத் தனிக் குளிர் உடை, பூட்ஸ், கையுறை எல்லாம் அங்கே கிடைக்கும், நம் ஊர்க் கடையில் வாங்கிய ஸ்வெட்டர் அதன் பக்கத்தில் நிற்காது. ராணுவத்தால் கொடுக்க முடியாதது நம் வீட்டு ருசி. லங்கரில், அதாவது ராணுவச் சாப்பாட்டுக் கூடத்தில், ரொட்டியும் பருப்பும் சப்ஜியும் நன்றாகவே இருக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் சாம்பாரும் கிடைக்கும், ஆனால் மற்ற யூனிட்டில் மாட்டிய நம் ஆட்கள் ஒரு ஸ்பூன் பருப்புப் பொடிக்கு ஏங்குவதைக் கேட்டிருப்பீர்கள்.

அதனால் பொடிதான் முதல் இடம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி. எடை குறைவு, இடம் குறைவு, வறண்ட சோற்றுக்கும் சப்பாத்திக்கும் ஒத்துப்போகும். தேங்காய் மட்டும் சேர்க்காமல் அரையுங்கள், சேர்த்தால் வழியிலேயே சிக்கு வாடை வந்துவிடும். அடுத்து முறுக்கு, தட்டை, சீடை, பொருள்விளங்காய் உருண்டை, கடலை மிட்டாய். பொருள்விளங்காய் உருண்டை பல்லைப் பதம் பார்த்தாலும் பயணத்துக்கு அதைவிடக் கெட்டியான பலகாரம் கிடையாது. புது எண்ணெயில் சுடுங்கள், முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி நமுத்துவிடும். பால்கோவா, தேங்காய் பர்ஃபி வேண்டவே வேண்டாம். அல்வாவும் ஊறுகாயும் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நெய்யோ எண்ணெயோ கசிந்தால் உங்கள் பார்சலோடு பக்கத்துப் பார்சலும் நாசம்.

உயரமான இடத்துக்குப் போகிற பார்சல் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். லே கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே காற்று அடைத்த சிப்ஸ் பாக்கெட் அங்கே பலூன் மாதிரி உப்பி நிற்கும், சில சமயம் வெடிக்கும். நீங்கள் பாக்கெட் போடும்போது காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய் அனுப்புவதானால் அகன்ற வாய் டப்பாவில். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஒல்லிப் பாட்டிலில் இருந்தால் ஒரு சொட்டுகூட எடுக்க முடியாது. இரண்டு ஜிப்லாக் பைக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

சாப்பாடு போக வாசலின், உதட்டுக்குப் பூசும் கிரீம், கம்பளி சாக்ஸ் வைக்கலாம். குளிர்ப் பிரதேசத்துக்குப் பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்து காலை ஜில்லிட வைக்கும். ராஜஸ்தான் பாலைவனத்தில் இருப்பவர் என்றால் தலைகீழ், திருப்பூர் பருத்தி பனியன்தான் சுகம், நிறம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் போட்டோக்கள், அச்சுப் போட்டவை. 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது, பல காவல் போஸ்ட்டுகளில் போன் சிக்னலே கிடையாது, அதனால் பிள்ளை வரைந்த படமும் அம்மா கைப்பட எழுதிய நாலு வரியும் எந்தப் பலகாரத்தையும்விட அதிகநாள் நிற்கும்.

தீப்பெட்டி, லைட்டர், சென்ட், ஸ்ப்ரே, பவர் பேங்க் எதுவும் கூடாது. தபாலில் வாங்க மாட்டார்கள், ஒளித்து வைத்து விமானத்தில் ஏறினால் ஆபத்து.

கட்டுவதும் அனுப்புவதும்

பெட்டியை நான்கைந்து கிலோவுக்குள் நிறுத்துங்கள். தபால் விதி இன்னும் அதிகம் அனுமதிக்கும், ஆனால் கடைசித் தூரத்தை யாரோ ஒரு ஜவான் முதுகில் சுமந்து ஏறக்கூடும். கெட்டி அட்டைப்பெட்டி, உள்ளே காலி இடமெல்லாம் கசக்கிய செய்தித்தாள், எடை அதிகமானது அடியில். முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இரண்டு பக்கம் எழுதி மேலே செலோடேப் ஒட்டுங்கள், இன்னொரு சீட்டில் எழுதி உள்ளேயும் போடுங்கள், வெளிச்சீட்டு கிழிந்தால் அது உதவும். உங்கள் முகவரியும் போன் நம்பரும் கட்டாயம். பழைய வழக்கப்படி வெள்ளைத் துணி சுற்றித் தைத்தால் இன்னும் நல்லது, மழைக்காலத்தில் முதலில் பிளாஸ்டிக் சுற்றிவிட்டு.

ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணைப் பத்திரமாக வையுங்கள். இணையத்தில் பார்க்கும்போது டெல்லியோ கொல்கத்தாவோ வந்தபின் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் பதற வேண்டாம், அதற்குப் பிறகு போவது ராணுவ வழி. லடாக் பக்கம் என்றால் பனிக்காலத்தில் ஸ்ரீநகரிலிருந்து போகும் சாலையில் உள்ள ஸோஜிலா கணவாய் அடைபடும், சரக்கும் தபாலும் விமானத்தை நம்பி இருக்கும், அதனால் பொங்கல் பார்சலைக்கூட தீபாவளியோடு அனுப்பிவிடுகிற குடும்பங்கள் செய்வதுதான் சரி. அங்கே பிரித்தால் கூட்டாளிகளும் வந்து உட்காருவார்கள், முறுக்கை ஒரு படி கூடவே வையுங்கள்.

சொந்தத்தில் யாரும் பட்டாளத்தில் இல்லை, ஆனாலும் ஏதாவது செய்ய ஆசை என்றால் முகம் தெரியாத யூனிட்டுக்குத் தின்பண்டம் அனுப்பாதீர்கள், அதை யோசிக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். 1949 முதல் டிசம்பர் 7-ல் கொடிநாள் நிதி வசூலிக்கிறார்கள், உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.