உடன்பொதிந்த நூலகத்தை எப்போது மீளக் கட்டுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பண்டாரவளைப் பகுதிகளில் மென்பொருள் எழுதும் இளைஞர் ஒருவர், கொழுந்து நிறுவையைப் பதியும் சிறு செயலி ஒன்றுக்குள் தரவுகளைச் சேமிக்கும் எஸ்கியூலைட் என்னும் நூலகத்தின் (பிற செயலிகள் பயன்படுத்தவென எழுதப்பட்ட ஆயத்த நிரல்தொகுப்பின்) மூலநிரலையும் சேர்த்துக் கட்டுகிறார், அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றுகிறார் என்று கொள்வோம். இணையம் சரியாகக் கிடைக்காத தோட்டங்களுக்கு இது பொருத்தமான வழிதான். ஆனால் அந்த நூலகம் மாறியிருக்கிறதா, அதை மீளக் கட்ட வேண்டுமா என்று கண்டறியும் பொறுப்பும் அவரையே சேர்கிறது. தேவையின்றிக் கட்டினால் நேரம் மட்டுமே வீணாகும். தேவையானபோது கட்டாமல் விட்டாலோ, எந்தப் பிழையும் காட்டாமல் பழைய நூலகமே செயலிக்குள் தங்கிவிடும்.

முதன்மையான தவறு, கோப்பின் திகதியை நம்புவது. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் என்னும் கட்டும் கருவி, விளைகோப்பைவிட (கட்டிக் கிடைத்த கோப்பைவிட) மூலக்கோப்பு பிந்தியதாக இருந்தால்தான் மீளக் கட்டும். ஜனவரியில் வெளியான நூலகப் பதிப்பொன்றின் டார் பொதியை (பல கோப்புகளை ஒன்றாக்கிய கோப்பை) ஏப்ரலில் விரித்தால், கோப்புகள் ஜனவரித் திகதியுடனேயே வந்து சேரும். மார்ச்சில் கட்டிய விளைகோப்பு அவற்றைவிடப் புதியதாகத் தெரிவதால், மேக் எதையும் செய்யாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி இதற்கு நேர்மாறானது. அது கோப்புகளின் நேரத்தைச் சேமிப்பதில்லை என்பதால், நிரலின் வேறொரு வடிவத்துக்கு (கிளைக்கு) மாறித் திரும்பும்போது உள்ளடக்கம் பழையபடியே இருந்தாலும் நேரம் புதிதாகி, வீணாகக் கட்ட வைக்கும்.

பழைய கணினிகளில் இத்தவறு இன்னும் கடுமையாகும். தாய்ப்பலகையின் பட்டரி தீர்ந்திருந்தால், மின்வெட்டுக்குப் பின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது மேக், கடிகாரம் பிறழ்ந்துள்ளது, கட்டுதல் முழுமையற்றிருக்கலாம் என்று எச்சரிக்கும். அந்த வரியைப் படிக்காமல் கடந்துவிடாதீர்கள். பென் டிரைவில் மூலநிரலை எடுத்துச் செல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பென் டிரைவுகளில் வழக்கமான ஃபாட்32 என்னும் கோப்புச் சேமிப்பு முறை, கோப்பு மாறிய நேரத்தை 2 விநாடி நுட்பத்தில், நேர வலயம் குறிக்காமல் பதிகிறது. வலய அமைப்பு வேறுபடும் இரு கணினிகளுக்கிடையே அந்த நேரம் ஐந்தரை மணித்தியாலம் நகர்ந்து தெரியலாம்.

ஆகவே நேரத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள். நூலகத்தின் எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 முறையில் கைரேகை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் அடையாள எண்) கணித்து, சென்றமுறை பதிந்ததோடு ஒப்பிட்டால் போதும். ஆனால் மூலநிரலை மட்டும் கணக்கில் எடுப்பது அடுத்த தவறாகும். மூலநிரலை இயக்க நிரலாக மாற்றும் கம்பைலரின் பதிப்பு, அதற்குக் கொடுக்கும் தெரிவுகள், எந்த வகைக் கணினிக்காகக் கட்டுகிறோம் என்பவையும் விளைவைத் தீர்மானிக்கின்றன. எஸ்கியூலைட்டில் முழுவுரைத் தேடலை இயக்கும் தெரிவைச் சேர்த்தால் மூலக்கோப்பில் ஓரெழுத்தும் மாறாது, கிடைக்கும் நூலகமோ வேறு. கைரேகையில் இவை அனைத்தும் அடங்க வேண்டும்.

கைரேகையை எப்போது பதிகிறோம் என்பதும் முக்கியம். கட்டத் தொடங்கும்போதே பதிந்துவிட்டு, இடையில் மின்சாரம் போனால், அரைகுறை நூலகம் முழுமையானதாகவே கருதப்படும். கட்டுதல் வெற்றியாக முடிந்த பின்னரே தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு உரிய பெயருக்கு மாற்றுங்கள்.

கருவிகளின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். சீமேக் என்னும் கட்டும் கருவியில் பிற நூலகங்களைச் சேர்த்துக் கட்ட உதவும் வெளித்திட்ட வசதி, உள்ளூர் மூலநிரலில் நீங்கள் செய்யும் திருத்தத்தைத் தானாகக் கவனிக்காது. எப்போதும் கட்டு என்னும் தெரிவைக் கொடுத்தால்தான் ஒவ்வொரு முறையும் நூலகத்தின் கட்டுமுறையை இயக்கிப் பார்க்கும். நூலகத்தைக் கிட்டின் துணைக்களஞ்சியமாக (திட்டத்துக்குள் அடங்கிய தனிக் களஞ்சியமாக) வைத்திருந்து, கொமிட் (பதிந்த மாற்றம்) எண்ணை மட்டும் ஒப்பிட்டால், இன்னும் கொமிட் செய்யாத திருத்தங்கள் தப்பிவிடும்.

பதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. சொந்தத் திருத்தங்கள் அதில் தெரியா. எஸ்கியூலைட், மூல அடையாளம் ஒன்றைத் தலைப்புக் கோப்பிலும் (நூலகத்தின் வசதிகளைச் செயலிக்கு அறிவிக்கும் கோப்பிலும்) கட்டிய நூலகத்தினுள்ளும் வைத்திருக்கிறது. செயலி தொடங்கும்போது இரண்டையும் ஒப்பிட்டால், பழைய நூலகம் புதிய தலைப்புக் கோப்போடு கலந்திருப்பது உடனே வெளிப்படும். அத்துடன், நூலகம் நிலையாக (செயலிக் கோப்புக்குள்ளேயே) இணைக்கப்பட்டிருந்தால் அதைக் கட்டிய பின் செயலியையும் மீள இணைக்க வேண்டும். 2022 மார்ச்சில் தரவைச் சுருக்கும் இசட்லிப் நூலகத்தின் 1.2.12 பதிப்பு ஒரு பாதுகாப்புக் குறையைத் தீர்த்தபோது, இயங்குதளத்தைப் புதுப்பித்தது மட்டும் செயலிகளுக்குள் பொதிந்திருந்த பிரதிகளைத் திருத்திவிடவில்லை.

இந்த ஏற்பாட்டையும் சோதித்துப் பாருங்கள். நூலகக் கோப்பொன்றின் திகதியை மட்டும் மாற்றினால் எதுவும் கட்டப்படக்கூடாது. ஒரு வரியைத் திருத்தினால் நூலகம் கட்டப்பட்டு, செயலியும் மீள இணைய வேண்டும். உடனே மறுபடி இயக்கினால் எந்த வேலையும் நடக்கக்கூடாது.