கி.மு., கி.பி., ஹிஜ்ரி: ஆண்டுக் கணக்கில் தடுமாறாமல் இருக்க

பழைய பேரரசுகளின் வரலாறு படிக்கும்போது, கி.மு.வில் தொடங்கி கி.பி.யில் முடியும் காலத்தைக் கணக்கிட வேண்டி வந்தால் இரண்டு எண்களையும் கூட்டிவிட்டு ஒன்றைக் கழியுங்கள். கி.மு. 1 முடிந்ததும் நேராக கி.பி. 1 தான், நடுவில் பூஜ்ஜியம் என்றொரு ஆண்டு கிடையாது.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63, இறந்தது கி.பி. 14. கூட்டினால் 77, ஒன்று போக 76. ஆனால் பிறந்தது செப்டம்பர், இறந்தது ஆகஸ்ட்; அதனால் இறக்கும்போது வயது 75 தான். இதில் ஏதென்ஸ்காரர்களே சறுக்கியிருக்கிறார்கள். கி.மு. 490இல் நடந்த மாரத்தான் போரின் 2500ஆம் ஆண்டு நிறைவை 2010இல் கொண்டாடினார்கள். கணக்குப்படி அது 2011!

இரண்டுமே கி.மு. என்றால் சிக்கலில்லை, வெறும் கழித்தல். பெரிய எண்தான் முந்தையது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் ஹிஜ்ரி, அதாவது கி.பி. 622இல் தொடங்கும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு. இஸ்லாமியப் பேரரசுகளின் நாணயங்களில் பெரும்பாலும் இந்த ஆண்டுதான் இருக்கும். இது சந்திர ஆண்டு, நம் காலண்டரைவிட சுமார் 11 நாள் குறைவு. அதனால் 622ஐ மட்டும் கூட்டினால் தப்பாகிவிடும். முதலில் 0.97ஆல் பெருக்கி, பிறகு 622ஐக் கூட்டுங்கள். மங்கோலியர் பாக்தாத்தைப் பிடித்த ஹிஜ்ரி 656 இப்படிப் போட்டால் 1258 என்று சரியாக வரும். சில சமயம் ஓர் ஆண்டு முன்பின் ஆகலாம். மாதமும் தெரிந்தால் அதையும் திருத்திக்கொள்ளலாம்.