கட்டளைவரியிலிருந்து பூட் பென்டிரைவ் தயாரிப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதால், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவ விரும்புவோர் பெருகியிருக்கிறார்கள். அதற்கு முதலில் வேண்டியது பூட் ஆகும், அதாவது கணினியைத் தன்னிலிருந்தே தொடங்கவைக்கும், பென்டிரைவ். ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்து தருகின்றன என்றாலும், லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும், திரையே இல்லாத சர்வரிலும்கூட, எதையும் புதிதாக நிறுவாமல் ஒற்றைக் கட்டளையில் இதை முடித்துவிடலாம். அந்தக் கட்டளை எளியது. அதில் எந்த வட்டின் பெயரை இடுகிறோம் என்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. ஆகவே இந்தக் குறிப்பு கட்டளையைவிட அதற்கு முந்தைய படிகளில் கூடுதல் நேரம் செலவிடுகிறது.

எடுத்துக்காட்டாக டெபியன் லினக்ஸின் நிறுவல் கோப்பை எடுத்துக்கொள்வோம். இணையத்திலிருந்து மீதியைப் பதிவிறக்கிக்கொள்ளும் அதன் நெட்இன்ஸ்ட் வகை ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக்கிய நகல்) 1 ஜிபிக்கும் குறைவானது. நிறுவாமலே இயக்கிப் பார்க்க உதவும் லைவ் வகைக் கோப்புகள் பல ஜிபி வரை போகும். 8 ஜிபி பென்டிரைவ் இருந்தால் பெரும்பாலும் போதும். அதில் இப்போது இருப்பவை அனைத்தும் அழிந்துபோகும் என்பதால், வேண்டியவற்றை முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

பதிவிறக்கிய கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பு கிடைத்த அதே பக்கத்தில், முழுவதும் பேரெழுத்தில் ஷா256சம்ஸ் என்ற பெயருடன், ஒவ்வொரு கோப்புக்குமான சரிபார்ப்பு எண்ணைத் தரும் ஒரு சிறு கோப்பும் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் சென்று இந்தக் கட்டளையை இடுங்கள்:

ஷா256சம் --இக்னோர்-மிஸ்ஸிங் -சி ஷா256சம்ஸ்

கோப்பின் பெயரை அடுத்து ஓகே என்று வந்தால் பதிவிறக்கத்தில் பழுதில்லை. நிறுவல் பாதியில் நின்றுபோய், பென்டிரைவையும் கணினியையும் மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்த அரை நிமிட வேலையைத் தவிர்த்தவர்களாக இருப்பார்கள். ஆனால் இந்தச் சோதனை, கோப்பு வழியில் சிதையவில்லை என்பதை மட்டுமே காட்டும். சர்வரிலேயே யாரேனும் கோப்பையும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து மாற்றியிருந்தால் இது கண்டுபிடிக்காது. அதற்காகத்தான் டெபியன் அந்தச் சிறு கோப்புக்கு மின்கையொப்பம் ஒன்றையும் வெளியிடுகிறது; அதை, கையொப்பங்களைச் சரிபார்க்கும் ஜிபிஜி என்ற மென்பொருள் கொண்டு சோதிக்கலாம்.

அடுத்து, பென்டிரைவுக்கு லினக்ஸ் என்ன பெயர் சூட்டியிருக்கிறது என்று கண்டறிய வேண்டும். பென்டிரைவைச் செருகுவதற்கு முன் ஒரு முறையும், செருகிய பின் ஒரு முறையும் இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,டிரான்,மாடல்,மவுண்ட்பாயின்ட்

முதல் முறை இல்லாமல் இரண்டாம் முறை புதிதாக வந்து நிற்கும் வரிதான் உங்கள் பென்டிரைவ். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில் விடை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

எஸ்டிஏ 465.8ஜி சாட்டா
எஸ்டிஏ1 465.8ஜி, மவுண்ட் ஆன இடம் /
எஸ்டிபி 14.3ஜி யூஎஸ்பி
எஸ்டிபி1 14.3ஜி, மவுண்ட் ஆன இடம் /மீடியா/

உறையில் 16 ஜிபி என்று அச்சிட்டிருக்க, திரையில் 14.3 என்று தெரிவது குறைபாடு அன்று. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் அடுக்குகளிலும் இந்தக் கட்டளை 1024-இன் அடுக்குகளிலும் கணக்கிடுவதே வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம். பார்க்க வேண்டியது டிரான் என்ற பத்தி: அங்கே யூஎஸ்பி என்று இருந்தால்தான் அது வெளியிலிருந்து செருகப்பட்டது. யூஎஸ்பி வழியாக இணைத்த வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் அங்கே அப்படியே தெரியும் என்பதால் அளவையும் மாடலையும் சேர்த்துப் பாருங்கள். காப்புநகல் வைத்திருக்கும் வெளிப்புற வட்டு இணைந்திருந்தால் இந்த வேலை முடியும் வரை அதைக் கழற்றி வைப்பது நல்லது.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் எஸ்டிபி என்ற பெயரையே எழுதியிருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டுவது மிகவும் தவறு. சாட்டா, யூஎஸ்பி வட்டுகளுக்கு ஆங்கில அகரவரிசைப்படி எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைக்கும் லினக்ஸ், அவற்றைக் கண்டுகொண்ட வரிசையையே பின்பற்றுகிறது. எனவே கணினியை மறுபடி தொடங்கினால் வரிசை மாறலாம். புதிய மடிக்கணினிகளில் உள்வட்டு என்விஎம்இ வகையாக இருப்பதால், அதன் பெயர் என்விஎம்இ0என்1 என்று ஆகிவிடுகிறது. அங்கே முதலில் செருகும் பென்டிரைவ்தான் எஸ்டிஏ. ஒரு கணினியில் பென்டிரைவைக் குறிக்கும் பெயர் பக்கத்துக் கணினியில் இயங்குதளம் முழுவதும் இருக்கும் வட்டைக் குறிக்கக்கூடும். பழக்கத்தில் கை தானாகத் தட்டச்சிடும் எழுத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் பெயரைப் பார்த்தே எழுதுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி/ என்ற ஃபோல்டரைப் பார்க்கலாம். அங்கே தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த, யூஎஸ்பி என்றே தொடங்கும் நீண்ட பெயர் ஒன்று இருக்கும். அது நீளமானதுதான், ஆனால் எந்தத் துளையில் செருகினாலும் மாறாது.

பென்டிரைவைச் செருகியதும் டெஸ்க்டாப் அதைத் தானாக மவுண்ட் செய்திருக்கும், அதாவது அதிலுள்ள கோப்புகளை ஒரு ஃபோல்டர் வழியே திறந்து வைத்திருக்கும். எழுதத் தொடங்குமுன் அதை விலக்க வேண்டும் (சூடோ என்பது கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்குவதற்காக):

சூடோ யுமவுண்ட் /டெவ்/எஸ்டிபி1

பென்டிரைவில் இரண்டு பார்ட்டிஷன்கள் (வட்டின் உட்பகுதிகள்) இருந்தால் எஸ்டிபி2-க்கும் இதையே செய்யுங்கள். கோப்பு மேலாளரில் இருக்கும் ‘பாதுகாப்பாக நீக்கு’ பொத்தானை அழுத்தினால் பென்டிரைவுக்கான மின்சாரமே நின்று, அதன் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடக்கூடும் என்பதால் அது இங்கே உதவாது.

இப்போது கட்டளை:

சூடோ டிடி ஐஎஃப்=டெபியன்.ஐஎஸ்ஓ ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி பிஎஸ்=4எம் கான்வ்=எஃப்சிங்க்,நோக்ரியட் ஸ்டேட்டஸ்=புராக்ரஸ்

இதில் ஐஎஃப் என்பது படிக்க வேண்டிய கோப்பையும் (டெபியன்.ஐஎஸ்ஓ என்றிருக்கும் இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இடுங்கள்), ஓஎஃப் என்பது எழுத வேண்டிய இடத்தையும் குறிக்கின்றன; இவ்விரண்டையும் மாற்றிப் போட்டால் பென்டிரைவில் இருப்பது உங்கள் ஐஎஸ்ஓ கோப்பின் மேல் எழுதப்படும். பிஎஸ் என்பது ஒரு வீச்சில் எடுத்து எழுதும் அளவு. இங்கே 4-ஐ அடுத்து வரும் எம் பேரெழுத்தாக இருக்க வேண்டும். இதைக் குறிப்பிடாவிட்டால் 512 பைட்டுகளாக நகர்ந்து வேலை இழுத்துக்கொண்டே போகும். என்டர் விசையை அழுத்துமுன் ஓஎஃப்-க்குப் பின் இருக்கும் பெயரை மீண்டும் ஒருமுறை படியுங்கள், ஏனெனில் டிடி எந்தக் கேள்வியும் கேட்காது.

எழுதும் இடமாக எஸ்டிபி என்று முழு வட்டையும் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். எஸ்டிபி1 என்று பார்ட்டிஷனைக் குறிப்பிட்டால் கட்டளை குறையின்றி முடியும், ஆனால் பென்டிரைவ் பூட் ஆகாது. இதற்குக் காரணம் ஐஎஸ்ஓ கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. சிடிக்களுக்காக வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 9660 முறை, தொடக்கத்தில் தலா 2048 பைட் கொண்ட 16 பிரிவுகளை, அதாவது 32 கேபி இடத்தை, பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. டெபியன் உள்ளிட்ட பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் அந்தக் காலி இடத்தில், ஹார்ட் டிஸ்க்கின் முதல் பிரிவில் இருக்க வேண்டிய பூட் நிரலையும் பார்ட்டிஷன் அட்டவணையையும் பொதிந்து வைக்கின்றன. ஐஎஸ்ஓஹைப்ரிட் எனப்படும் இந்த உத்தியால் ஒரே கோப்பு சிடியில் எழுதினால் சிடியாகவும், பென்டிரைவில் பைட்டுக்குப் பைட் எழுதினால் ஹார்ட் டிஸ்க்காகவும் கணினிக்குத் தோற்றமளிக்கிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய உள்நிரலான பயாஸ் அந்த முதல் 512 பைட்டுகளைத் தேடிப்போகும். அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ கொண்ட கணினிகளோ அட்டவணையைப் படித்து, அது காட்டும் சிறு ஃபாட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் பூட் கோப்பை எடுத்துக்கொள்ளும். அந்த நிரலும் அட்டவணையும் வட்டின் தொடக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதால்தான் பார்ட்டிஷனுக்குள் எழுதுவதோ, ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணமாக பென்டிரைவுக்குள் நகலெடுத்துப் போடுவதோ பயன்படுவதில்லை.

டிடியில் மந்திரம் எதுவும் இல்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். டெபியனின் நிறுவல் கையேடே, கோப்புகளை நகலெடுக்கும் சாதாரண சிபி கட்டளையால் ஐஎஸ்ஓவை /டெவ்/எஸ்டிபி-க்கு அனுப்பிவிட்டு, பின்னர் சிங்க் என்று இடச் சொல்கிறது. வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று காட்டுவதற்காகவே இங்கே டிடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அந்தக் கணக்கையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான எம்பி வேகம் காட்டி, கோப்பு முழுவதும் எழுதியாயிற்று என்று சொல்லிவிட்டு, டெர்மினல் அப்படியே நின்றுவிடுவதுபோல் தோன்றும். உண்மையில் தரவு முதலில் ரேமில் போய்த் தங்கி, அங்கிருந்து மெதுவாகப் பென்டிரைவுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கான்வ்=எஃப்சிங்க் என்று கொடுத்ததன் பொருள், கடைசி பைட் இறங்கும் வரை கட்டளை முடியக்கூடாது என்பதே. விநாடிக்கு 8 எம்பி வேகத்தில் எழுதும் பென்டிரைவில் 4 ஜிபி கோப்புக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கட்டளை எழுதும் வரி மீண்டும் வரும் வரை பென்டிரைவைப் பிடுங்காதீர்கள்.

வேகம் கடைசி வரை நம்பமுடியாத அளவுக்கு இருந்து, நொடியில் முடிந்துவிட்டால் வேறொன்றைச் சந்தேகிக்க வேண்டும். /டெவ்/ என்ற ஃபோல்டர் ரேமில் இருப்பது. இல்லாத ஒரு வட்டின் பெயரை அங்கே தவறுதலாக எழுதினால், டிடி அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றை உருவாக்கி, ஐஎஸ்ஓ முழுவதையும் அதில் கொட்டிவிடும். மேலே நோக்ரியட் என்று சேர்த்திருப்பது இதைத் தடுக்கத்தான்; அது இருந்தால், இல்லாத பெயருக்குப் பிழைச்செய்தி வரும்.

எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பென்டிரைவைக் கழற்றி மீண்டும் செருகிவிட்டு இந்த இரண்டு கட்டளைகளை இடுங்கள்:

ஸ்டாட் -சி %எஸ் டெபியன்.ஐஎஸ்ஓ
சூடோ சிஎம்பி -என் அளவு டெபியன்.ஐஎஸ்ஓ /டெவ்/எஸ்டிபி

முதல் கட்டளை தரும் எண்ணை, இரண்டாம் கட்டளையில் அளவு என்றிருக்கும் இடத்தில் எழுத வேண்டும். மறுபடி செருகியதும் பெயர் மாறியிருக்கலாம் என்பதால் எல்எஸ்பிஎல்கே கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். எந்த விடையும் வராமல் முடிந்தால் இரண்டும் ஒன்றே. மலிவு விலையில் பெரிய கொள்ளளவு எனப் பொய்யாக விற்கப்படும் பென்டிரைவுகள், தமது உண்மையான அளவைத் தாண்டி எழுதப்படும் தரவை ஓசையின்றித் தொலைத்துவிடும். ஐஎஸ்ஓ அந்த அளவைத் தாண்டியிருந்தால் அவை இந்தச் சோதனையில் சிக்கிக்கொள்ளும்.

பூட் செய்வது எளிது. கணினியைத் தொடங்கும்போது பூட் மெனுவுக்கான விசையை அழுத்த வேண்டும்: டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்12 மெனு அணைந்திருக்கும். பயாஸ் அமைப்புக்குள் சென்று அதை இயக்க வேண்டும். கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவை டெபியனுக்கு 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் பொதுவாக இல்லை.

மேக் கணினியில் வட்டுப் பெயர்கள் வேறு. டிஸ்க்யுடில் லிஸ்ட் என்று இட்டால் வரும் பட்டியலில், எக்ஸ்டர்னல் என்று குறிக்கப்பட்டிருப்பது பென்டிரைவ். அது /டெவ்/டிஸ்க்2 என்று கொள்வோம்:

டிஸ்க்யுடில் அன்மவுண்ட்டிஸ்க் /டெவ்/டிஸ்க்2
சூடோ டிடி ஐஎஃப்=டெபியன்.ஐஎஸ்ஓ ஓஎஃப்=/டெவ்/ஆர்டிஸ்க்2 பிஎஸ்=4எம்

இதில் ‘அன்மவுண்ட்டிஸ்க்’ என்பதில் டிஸ்க்கின் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து. 4எம் என்பதில் எம் சிற்றெழுத்து. டிஸ்க்குக்கு முன்னால் ஆர் சேர்ப்பது இடைநினைவகத்தைத் தவிர்த்து நேரடியாக எழுதுவதற்காக. இதனால் வேகம் கணிசமாகக் கூடுகிறது. கன்ட்ரோல் விசையுடன் டி-யை (T) அழுத்தினால் எவ்வளவு முடிந்தது என்று காட்டும். இறுதியில் இந்த வட்டைப் படிக்க முடியவில்லை என்று மேக் அறிவித்தால் எஜெக்ட் என்பதை அழுத்துங்கள். இனிஷியலைஸ் என்பதை அழுத்தினால் செய்ததெல்லாம் வீண்.

விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பு மேற்சொன்ன இரட்டை வேடம் போடுவதில்லை என்பதால் அதை டிடியால் எழுதிப் பயனில்லை. பென்டிரைவை ஃபாட்32-ஆக ஃபார்மட் செய்து, ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து, உள்ளிருக்கும் கோப்புகளை நகலெடுக்க வேண்டும்; யூஇஎஃப்ஐ கணினிகளுக்கு இதுவே போதும். ஒரே சிக்கல், சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால்.விம் என்ற கோப்பு பல பதிப்புகளில் 4 ஜிபியைத் தாண்டுகிறது. ஃபாட்32-இல் ஒரு கோப்பு அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நகலெடுத்தபின், விம்லிப் என்ற மென்பொருளை நிறுவி, இப்படிப் பிரித்து எழுதலாம்:

விம்லிப்-இமேஜ்எக்ஸ் ஸ்பிளிட் இன்ஸ்டால்.விம் இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் 3800

முதலில் வருவது ஐஎஸ்ஓவில் உள்ள கோப்பின் முழுப் பாதையாகவும், அடுத்தது பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டருக்கான பாதையாகவும் இருக்க வேண்டும். 3800 என்பது ஒவ்வொரு துண்டுக்கும் எம்பி கணக்கில் உச்ச அளவு. விண்டோஸ் நிறுவி இந்தத் துண்டுகளைத் தானே சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

வேலை முடிந்தபின் பென்டிரைவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, லினக்ஸில் அதன் பார்ட்டிஷன்களை விலக்கிவிட்டு, சூடோ வைப்எஃப்எஸ் -ஏ /டெவ்/எஸ்டிபி என்று பழைய அடையாளங்களை அழித்து, புதிதாகப் பார்ட்டிஷன் இட்டு ஃபார்மட் செய்யலாம். விண்டோஸில் டிஸ்க்பார்ட்டைத் திறந்து, லிஸ்ட் டிஸ்க் என்று பட்டியலைப் பார்த்து, செலக்ட் டிஸ்க் என்பதுடன் உரிய எண்ணைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கிளீன் என்று இட வேண்டும். கிளீனுக்கு முன் லிஸ்ட் டிஸ்க் கட்டளையை மறுபடி இட்டு, தேர்ந்தெடுத்த வட்டைக் காட்டும் நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது, அந்த வரியில் உள்ள அளவு பென்டிரைவினுடையதா என்று பாருங்கள். கிளீனும் டிடியைப் போலவே உறுதிகேட்காமல் அழித்துவிடும்.