உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி? திருநெல்வேலித் தரவை வைத்து ஒரு செய்முறை

கரியமில வாயு, மீத்தேன் போன்ற பசுங்குடில் வாயுக்களை நம் நாடு எவ்வளவு வெளியிடுகிறது என்ற மொத்த உமிழ்வுக் கணக்கை இந்தியா ஐ.நா. காலநிலை அமைப்புக்கு ஈராண்டு அறிக்கையாக அனுப்புகிறது. 2016, 2018, 2021, 2024 என நான்கு அறிக்கைகள் போயிருக்கின்றன. அறிக்கை வந்ததும் அதிலுள்ள மொத்த எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த எண் சரிதானா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத் தமிழில் எளிமையாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பதிவு.

கற்றுக்கொள்ள நல்ல வழி, சின்ன அளவில் ஒன்றைச் செய்து பார்ப்பது. நான் திருநெல்வேலி மாவட்டத்துக்கு நெல், மாடு, டீசல், சிமெண்ட் ஆகிய நான்கை மட்டும் எடுத்து ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். தேசியக் கணக்குக்கு என்ன சோதனையோ அதேதான் இதற்கும். செயல்பாட்டுத் தரவை (எரித்த டீசல், நட்ட பரப்பு போன்றவை) உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வரும் என்ற எண்) பெருக்கினால் உமிழ்வு வரும் என்பது உங்களுக்குத் தெரியும், விரிதாளில் சூத்திரம் போடவும் வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். கணக்கு போடுகிறவரே போகிற போக்கில் செய்யும் சோதனை தரக் கட்டுப்பாடு. அந்தக் கணக்கில் கையே வைக்காத ஒருவர் பின்னால் வந்து பார்ப்பது தர உறுதி. ஐபிசிசியின் (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு) 2006 வழிகாட்டி நூலில் முதல் தொகுதி, 6ஆம் அத்தியாயம் முழுக்க இதுதான். வெளிப்படைத்தன்மை, துல்லியம், சீர்மை, ஒப்பிடத்தக்க தன்மை, முழுமை என்று ஐந்து குணங்களைக் கேட்கிறார்கள். கந்தக டையாக்சைடு, நுண்துகள் போன்ற காற்று மாசுகளுக்கு ஐரோப்பிய நாடுகள் கொடுக்கும் கணக்கிலும் இதே ஐந்துதான்.

படி 1: தாளைப் பிரியுங்கள்

மூன்று தாள் போதும். ஒன்றில் மூலத் தரவு, ஒன்றில் காரணிகள், ஒன்றில் கணக்கு. மூலத் தரவுத் தாளில் வந்த எண்ணை வந்தபடியே வைக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம், என்றைக்கு எடுத்தது, என்ன அலகு, எந்த ஆண்டு என்று ஐந்து கட்டங்கள்.

நான் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறேன். கட்டங்களை ஒன்றாக இணைக்கவே மாட்டேன், இணைத்தால் வரிசைப்படுத்தும்போது தரவு சிதறும். மஞ்சள் நிறம் என்றால் சந்தேகம், பச்சை என்றால் சரி என்று நிறத்தில் அர்த்தம் வைப்பதும் வேண்டாம். கோப்பு வேறு வடிவத்துக்கு மாறும்போது நிறம் போய்விடும். சந்தேகம் என்றால் ‘சந்தேகம்’ என்று ஒரு கட்டத்தில் எழுதுங்கள். ஐபிசிசியே இலவசமாக ஒரு மென்பொருள் தருகிறது, நல்லதுதான். ஆனால் முதலில் விரிதாளில் கை பழகட்டும். பொத்தானை அழுத்தினால் விடை வரும் இடத்தில் தவறு எங்கே நுழைந்தது என்று பிடிப்பது புதியவர்களுக்குக் கஷ்டம்.

படி 2: அலகு

ஆயிரம் லிட்டர் டீசலை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 0.83 கிலோ எடை, ஆக 0.83 டன். டன்னுக்கு 43 ஜிகாஜூல் வெப்பம், ஆக 35.69 ஜிகாஜூல். ஒரு ஜிகாஜூலுக்கு 74.1 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் சுமார் 2,645 கிலோ. அதாவது லிட்டருக்கு 2.6 கிலோ. 0.83 கிலோ டீசல் எரிந்து 2.6 கிலோ வாயு எப்படி வரும் என்று திகைக்க வேண்டாம், காற்றிலிருந்து ஆக்சிஜன் சேருகிறது. இந்த 2.6ஐ மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் லிட்டருக்கு 2,600 என்றோ 0.0026 என்றோ வந்தால் எங்கோ கிலோவும் டன்னும் கலந்திருக்கிறது.

நம் ஊரில் இன்னொன்று உண்டு. அரசு அறிக்கையில் லட்சம் டன் என்று இருக்கும், வழிகாட்டி நூலில் கிகாகிராம் என்று இருக்கும். ஒரு கிகாகிராம் ஆயிரம் டன், ஒரு மில்லியன் பத்து லட்சம். நிலப் பரப்பும் அப்படித்தான். காரணி எக்டேருக்கு, கையில் இருப்பது ஏக்கர். பெரியவர்களிடம் கேட்டால் கோட்டை விதைப்பாட்டில் (இத்தனை கோட்டை விதை பிடிக்கும் நிலம் என்ற பழைய அளவில்) சொல்வார்கள். அதை நீங்களாக மாற்றிக்கொள்ளாமல், அந்த நிலத்துக்கு அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) என்ன பரப்பு இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

படி 3: ஆண்டு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். கூட்டல் பெருக்கலை விரிதாளே பார்த்துக்கொள்ளும். தவறு பெரும்பாலும் இரண்டு தரவுகள் ஒட்டும் இடத்தில் ஒளிந்திருக்கும்.

எரிபொருள் விற்பனை ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் வரும். நெல் பரப்பு பசலி ஆண்டில் வரும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. (2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி.) கால்நடைக் கணக்கெடுப்பு 2012இல் ஒன்று, அடுத்தது 2019இல். நடுவில் உள்ள ஆண்டுகளுக்கு எண்ணே கிடையாது, இடைக்கணிப்பு (முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து மதிப்பிடுவது) செய்ய வேண்டும். ஐபிசிசி முதலில் கேட்பது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டை. வேறு ஆண்டு பயன்படுத்தலாம், ஆனால் எல்லா ஆண்டுக்கும் அதே முறை, அதை எழுதியும் வைக்க வேண்டும்.

டீசலுக்குப் பெரிய சிக்கல் இல்லை. முந்தைய நிதியாண்டில் கால் பங்கு, இந்த நிதியாண்டில் முக்கால் பங்கு என்று சேர்த்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். நெல்லுக்கு இது சரிப்படாது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில்தான் மீத்தேன் வருகிறது. பிசானமோ ஒரு வருஷத்தில் நட்டு அடுத்த வருஷத்தில் அறுப்பது.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆயிரம் எக்டேர், நவம்பர் 15 நடவு, பிப்ரவரி 28 அறுவடை. முதல் வருஷத்தில் நவம்பர் 16 நாள், டிசம்பர் 31 நாள், ஆக 47. அடுத்த வருஷத்தில் 31, 28, ஆக 59. எப்போதும் தண்ணீர் நிற்கும், எரு போடாத வயலுக்கு 2006 வழிகாட்டியின் பொதுக் காரணி ஒரு எக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.30 கிலோ. முதல் வருஷத்துக்கு 61.1 டன் மீத்தேன், அடுத்ததற்கு 76.7 டன். பசலி எண்ணைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் இரண்டுக்கும் 68.9 டன் வரும். வருஷா வருஷம் பரப்பு மாறாவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஈடாகிவிடும். பரப்பு ஏறி இறங்கும் வருஷத்தில்தான் வெளியே வரும். நம் பகுதியில் பரப்பு ஏறி இறங்காத வருஷமே குறைவு. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் இருக்காது, கார் போகத்துக்குத் திறக்க முடியாது.

அறுவடை ஆண்டிலேயே முழுவதையும் வைத்துவிடுவதும் ஒரு முறைதான். மாவட்ட அளவில் எனக்கு நாள் கணக்கு பிடிக்கும். எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கார் போகத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். பசலி மாறுவது ஜூலை 1இல், நடவு சில இடங்களில் ஜூனிலேயே முடிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, “ஐயா, ஜூன்ல நட்டது உங்க கணக்குல எந்தப் பசலில ஏறியிருக்கு?” என்று நேராகக் கேளுங்கள். கேட்ட தேதி, சொன்ன பதில் இரண்டையும் தாளில் ஏற்றுங்கள். ஜமாபந்தி (வருடாந்திர கிராமக் கணக்குத் தணிக்கை) நேரத்தில் போகாதீர்கள், பாவம், அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

படி 4: எல்லை

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. திருநெல்வேலிக் கணக்கைக் கோட்டு வரைபடமாகப் போட்டால் அதில் அந்த வருஷத்துக்குப் பிறகு எல்லாமே செங்குத்தாக இறங்கும். மாடு குறைந்துவிட்டது, நெல் குறைந்துவிட்டது என்று அதை வைத்து எழுதினால் பெரிய தவறு. 1990க்கு முன்னால் போகிறவர்களுக்கு இன்னொரு பிரிவினை காத்திருக்கிறது: தூத்துக்குடி 1986 அக்டோபர் 20இல் பிரிந்தது. தூத்துக்குடி அனல் மின் நிலையம் அதுவரை திருநெல்வேலிக் கணக்கு.

வழி ஒன்றுதான். மாவட்ட எண்ணை விட்டுவிட்டு வட்ட வாரியாகத் தரவு எடுங்கள். இன்றைய எல்லைக்குள் வரும் வட்டங்களை மட்டும் எல்லா ஆண்டுக்கும் கூட்டுங்கள். காரணி மாறினாலும் இதே விதிதான். தெற்காசிய நெல்லுக்கு அதே வழிகாட்டியின் 2019 திருத்தப் பதிப்பு தரும் 0.85ஐ எடுக்க முடிவு செய்தால், பழைய ஆண்டுகளையும் அதிலேயே மறுபடி போட வேண்டும். பாதி ஆண்டுகளுக்கு 1.30, மீதி ஆண்டுகளுக்கு 0.85 என்றால் உமிழ்வு குறைந்ததாகக் காட்டும், வயலில் ஒன்றுமே மாறியிருக்காது.

படி 5: துள்ளுகிற எண்கள்

ஒவ்வொரு வரியிலும் உமிழ்வைச் செயல்பாட்டுத் தரவால் வகுத்து ஒரு புதிய வரி போடுங்கள். அது ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். எங்கே துள்ளுகிறதோ அங்கே நில்லுங்கள். நான் பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் நிற்கிறேன்.

நின்றதும் எண்ணைத் திருத்தப் போகாதீர்கள். காரணம் தேடுங்கள். டீசலிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு 2020இல் திடீரென்று விழும். அது உண்மை: 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 எரிபொருள் வந்தது, கந்தக வரம்பு 50இலிருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) ஆனது. மாடுகளின் சராசரி மீத்தேன் மெதுவாக ஏறினால் அதுவும் உண்மையாக இருக்கலாம். இந்தியத் துணைக்கண்டத்துக்கு 2006 வழிகாட்டி கொடுக்கும் காரணி கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 58 கிலோ, மற்ற மாட்டுக்கு 27. உழவு மாடு குறைந்து கறவை கூடினால் சராசரி ஏறத்தான் செய்யும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நம்மில் யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பிசானத்தின் எண் வித்தியாசமாக இருந்தால் அதை ‘சரிசெய்வது’ நடந்ததை அழிப்பதாகும்.

சிமெண்டில் ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) ஆகும்போதுதான் வாயு வெளியேறுகிறது, டன் கிளிங்கருக்கு 0.52 டன். தாழையூத்து ஆலைக்குக் கணக்கு போடும்போது சிமெண்ட் உற்பத்தியை அப்படியே இதால் பெருக்கினால் அதிகமாக வரும், ஏனென்றால் சிமெண்டில் அனல் மின் நிலையச் சாம்பலும் கலக்கிறார்கள். இந்தத் தவறு எல்லா ஆண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் துள்ளல் சோதனையில் மாட்டாது. காரணி எதற்கு உரியது என்று நூலைத் திறந்து படித்தால் மட்டுமே பிடிபடும்.

படி 6: காலிக் கட்டம்

எதையும் காலியாக விடாதீர்கள், தெரியாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். அறிக்கைகளில் இதற்கு ஆங்கிலக் குறியீடுகள் உண்டு. நடக்கவே இல்லை என்றால் என்.ஓ. (NO). நடக்கிறது, கணக்கிடவில்லை என்றால் என்.ஈ. (NE). வேறு தலைப்பில் சேர்ந்துவிட்டது என்றால் ஐ.ஈ. (IE). திருநெல்வேலியில் நிலக்கரிச் சுரங்கம் என்.ஓ. டீசல் பம்புசெட் ஐ.ஈ., ஏனென்றால் பெட்ரோல் பங்க்குகளின் மொத்த விற்பனையிலேயே அது வந்துவிட்டது. செங்கல் சூளைக்கு என்னிடம் நம்பகமான தரவு இல்லை, எனவே என்.ஈ. என்.ஈ. போட வெட்கப்பட வேண்டாம். பூஜ்யம் போட்டால்தான் படிக்கிறவர் ஏமாறுவார்.

படி 7: இன்னொருவர் கையில் கொடுங்கள்

தேசிய அறிக்கையை ஐ.நா. அமைப்பின் நிபுணர் குழு ஆராய்கிறது. நமக்கு ஒரு நண்பர் போதும். அவர் துறை ஆளாகக்கூட இருக்க வேண்டாம். விளக்கம் எதுவும் சொல்லாமல் கோப்பை மட்டும் கொடுத்து, ஏதாவது ஐந்து எண்களை மூலம் வரை தேடிப் போகச் சொல்லுங்கள். உங்களை அழைத்துக் கேட்காமல் அவரால் போய்ச் சேர முடிந்தால் தாள் நன்றாக இருக்கிறது. எந்த இடத்தில் உங்களைக் கேட்டாரோ, அந்த இடத்தில் ஒரு குறிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

பிற்சேர்க்கை

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார்: எல்லாம் சரியாகச் செய்தும் மீத்தேன் வரி மட்டும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு எகிறுகிறது என்று. அவர் தாளைப் பார்த்தேன். பழைய ஆண்டுகளில் மீத்தேனைக் கரியமில வாயுச் சமானமாக்க (வெப்பமூட்டுவதில் கரியமில வாயுவைப் போல் எத்தனை மடங்கு என்று மாற்ற) 21ஆல் பெருக்கியிருந்தார், புதிய ஆண்டுகளில் 28. ஐபிசிசியின் இரண்டாம் மதிப்பீட்டு அறிக்கையின் எண் 21, ஐந்தாம் அறிக்கையின் எண் 28. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வரும் அறிக்கைகளுக்கு ஐந்தாம் அறிக்கையின் எண்தான். அதனால் எல்லா ஆண்டுக்கும் 28ஐ வைத்துவிடுங்கள். மீத்தேனை வெறும் டன்னில் ஒரு வரியாகத் தனியே வைத்திருந்தால் இந்தக் குழப்பம் உடனே தெரிந்துவிடும்.

அல்வாக் கடை, சூளை ஆகியவற்றின் விறகை ஏன் சேர்க்கவில்லை என்று ஓர் அண்ணாச்சி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. விறகு எரிந்து வரும் கரியமில வாயுவைத் தேசிய மொத்தத்தில் சேர்க்காமல் தனியே குறிப்பாகக் காட்ட வேண்டும், மரம் வெட்டிய கணக்கு நிலப் பயன்பாட்டுத் தலைப்பில் வருவதால். ஆனால் அதே அடுப்பிலிருந்து வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மொத்தத்தில் சேரும். நுண்துகள் கணக்கு போடுகிறவர்கள் விறகை விடவே கூடாது. சீமைக்கருவேல் விறகுக்கு நம்பத்தகுந்த விற்பனைக் கணக்கு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், என்.ஈ. போட்ட அந்த வரியை நிரப்பிவிடலாம்.